நினைவூட்டல் எண் 1

டெல்லி தாமரைக் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும். செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் படியேறினால், வாசலில் தன்னார்வலர்கள் நம்மைக் கும்பல் கும்பலாக நிறுத்தி, உள்ளே பேசக் கூடாது, படம் எடுக்கக் கூடாது என்று சொல்லி அனுப்புவார்கள். 2022 நவம்பர் கடைசியில் அக்கா குடும்பத்தோடு போயிருந்தேன். உள்ளே சிலை இல்லை, படம் இல்லை, வரிசையாகப் பெஞ்சுகள் மட்டும். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்துவிட்டு வெளியே வந்தோம். பத்தாம் வகுப்பு படிக்கும் அக்கா மகள் கேட்டாள்.

"மாமா, சாமியே இல்லையே, இது யார் கோயில்?"

"பஹாய்னு ஒரு மதம். ஈரான்ல ஆரம்பிச்சது. இந்தக் கோயிலை வடிவமைச்சவரும் ஈரான்காரர்தான்."

"அப்ப ஈரான்ல இதைவிடப் பெருசா ஒண்ணு இருக்குமா?"

ஈரானில் ஒன்றுகூட இல்லை. தெஹ்ரானில் அவர்களுடைய தலைமை அலுவலகத்துக்கு ஒரு குவிமாடம் இருந்தது. 1955இல் ராணுவ அதிகாரிகளே கடப்பாரையோடு ஏறி நின்று அதை இடித்தார்கள். ஷிராஸ் நகரில் அவர்கள் புனிதமாகக் கருதிய ஒரு வீடு இருந்தது, 1979இல் அதுவும் போயிற்று. இதையெல்லாம் அந்தப் படிக்கட்டில் வைத்துச் சொல்லவில்லை. "இல்லம்மா" என்று மட்டும் சொன்னேன். "ஏன்?" என்றாள். அதற்குள் ஆட்டோ வந்துவிட்டது.

ஊருக்குத் திரும்பும்போது தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் யாரோ விட்டுப்போன பேப்பர் கையில் கிடைத்தது. ஜெனிவாவில் ஐ.நா. மனித உரிமைக் கவுன்சில் நவம்பர் 24ஆம் தேதி ஈரான் பற்றிச் சிறப்புக் கூட்டம் நடத்தி, போராட்டங்கள் ஒடுக்கப்படுவதை விசாரிக்க ஒரு குழு அமைத்திருந்தது. ஆதரவு 25, எதிர்ப்பு 6, வாக்களிக்காமல் ஒதுங்கியவர்கள் 16. அந்தப் பதினாறில் இந்தியா. அந்தத் தீர்மானம் முக்கியமாக அந்த ஆண்டு தெருவில் இறங்கிய பெண்களைப் பற்றியது, பஹாய்களுக்காக வந்ததில்லை. ஆனாலும் அக்கா மகள் கேட்ட "ஏன்" மண்டையில் இருந்ததால், நாக்பூர் தாண்டும்வரை அதையே திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாடு தன் மக்களில் ஒரு சிறு மதத்தவரை நசுக்கும்போது, அதோடு வியாபாரமும் நட்பும் வைத்திருக்கும் இன்னொரு நாடு என்னதான் செய்ய முடியும்? அன்றிலிருந்து இதைப் படிப்பது ஒரு பழக்கமாகிவிட்டது.

முதலில் ஆட்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். 1844இல் ஷிராஸில் ஓர் இளம் வணிகர், தன்னை 'பாப்', அதாவது வாசல், என்று அறிவித்துக்கொண்டார். 1850இல் தப்ரீஸ் நகரில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவருக்குப் பின் வந்த பஹாவுல்லாவை தெஹ்ரானில் நிலவறைச் சிறையில் அடைத்து, பிறகு நாடு கடத்தினார்கள். பாக்தாத், இஸ்தான்புல், எடிர்னே என்று அலைக்கழித்து, கடைசியில் 1868இல் ஒட்டோமான் பேரரசு அவரைக் கொண்டுபோய் அடைத்த சிறை நகரத்தின் பெயர் அக்கா. (எங்கள் வீட்டில் இந்தப் பெயரை வைத்துச் சிரித்தாயிற்று.) அது இன்றைக்கு இஸ்ரேலில் இருக்கிறது, பஹாய்களின் உலகத் தலைமையகம் இருக்கும் ஹைஃபாவுக்குப் பக்கத்தில். இஸ்ரேல் என்ற நாடு பிறந்தது 1948இல். அதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்னாலேயே ஒரு முஸ்லிம் பேரரசு கைதியாகக் கொண்டுவந்து தள்ளிய இடம் அது. ஆனால் ஈரானில் இன்றுவரை பஹாய்கள் மேல் சொல்லப்படும் முதல் குற்றச்சாட்டு 'இஸ்ரேல் உளவாளி' என்பதுதான்.

உண்மையான உறுத்தல் வேறு. நபிகள் நாயகத்தோடு இறைத்தூது முற்றுப் பெறவில்லை, அது தொடர்கிறது என்று பஹாய்கள் நம்புகிறார்கள். ஈரானிய மதத் தலைமையால் அதை ஜீரணிக்க முடியவில்லை. ஈரானில் அவர்கள் ஏறக்குறைய மூன்று லட்சம் பேர், முஸ்லிம் அல்லாதவர்களில் மிகப் பெரிய கூட்டம். ஆனால் அரசியலமைப்பின் 13ஆம் பிரிவு சிறுபான்மை மதங்கள் என்று மூன்றைத்தான் சொல்கிறது: ஜொராஷ்டிரியர், யூதர், கிறிஸ்தவர். பட்டியலில் இல்லாதவனுக்குச் சட்டத்தில் மதம் இல்லை. மதம் இல்லாதவனுக்கு என்ன உரிமை என்று அடுத்த கேள்வி வரும்.

இப்போது 1983க்கு வருகிறேன். வெளிநாட்டு அரசுகள் இந்த மாதிரி விஷயங்களில் பேசுவதைப் பற்றி நான் வைத்திருந்த எண்ணத்தை மாற்றியது அந்த ஒரு மாதம்தான்.

ஷிராஸ் நீதிமன்றம் 22 பஹாய்களுக்கு மரண தண்டனை விதித்திருந்த நேரம். மே 22ஆம் தேதி அமெரிக்க அதிபர் ரீகன் பகிரங்கமாக வேண்டுகோள் விடுத்தார்: அவர்களைக் கொல்லாதீர்கள். மே 28ஆம் தேதி ஈரானின் அன்றைய உச்சத் தலைவர் கொமேனி அதற்குத் தன் உரையில் பதில் சொன்னார். அவர் சொன்னதன் சாரம் இது: பஹாய்கள் மதம் இல்லை, கட்சி, முன்பு பிரிட்டன் ஆதரித்தது, இப்போது அமெரிக்கா ஆதரிக்கிறது, ரீகன் பரிந்து பேசுவதே அவர்கள் உளவாளிகள் என்பதற்கு ஆதாரம். அடுத்த மாதம் 16ஆம் தேதி ஆறு ஆண்களைத் தூக்கில் போட்டார்கள். 18ஆம் தேதி இரவு பத்துப் பெண்களை. ஒருவரைத் தூக்கிலிடும்போது மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். மதத்தை மறுத்து ஒரு வார்த்தை சொன்னால் விட்டுவிடுவார்கள். யாரும் சொல்லவில்லை. அவர்களில் மோனா மஹ்மூத்நெஜாத் என்ற பெண்ணுக்கு வயது 17. அவள் மேல் இருந்த குற்றங்களில் ஒன்று, குழந்தைகளுக்கு மத வகுப்பு எடுத்தது. அவளுடைய அப்பாவை மூன்று மாதம் முன்னால்தான் தூக்கிலிட்டிருந்தார்கள்.

ரீகன் பேசியதால்தான் அவர்கள் செத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. தண்டனை அதற்கு முன்பே விதிக்கப்பட்டாயிற்று. அவர் பேசாமலிருந்தாலும் கயிறு காத்திருந்திருக்கும். ஆனால் அந்தப் பேச்சு கொமேனியின் கையில் ஒரு சாட்சிப் பத்திரமாகப் போய் விழுந்தது, அதுதான் உறுத்துகிறது. நம் ஊரில் இதைப் புரிய வைக்க ரொம்ப மெனக்கெட வேண்டாம். என் சித்தப்பாவின் பட்டா மாறுதல் மனு ஓர் அலுவலகத்தில் ஒன்றரை வருடம் கிடந்தது. அவசரத்தில் எதிர்க்கட்சிப் பிரமுகர் ஒருவரைப் பிடித்து போன் போடச் சொன்னார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு சித்தப்பா அந்த அலுவலகத்தில் மனுதாரர் இல்லை, 'அந்தக் கட்சிக்காரன்'. ஆறு மாதம் கூடுதலாக இழுத்தடித்தார்கள். யார் சிபாரிசு செய்கிறார் என்பது, என்ன சிபாரிசு என்பதைவிடப் பெரிது.

அப்படியானால் வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் நல்லதா? இதற்கு எனக்குப் பதில் கிடைத்தது என் அப்பாவிடமிருந்து.

அப்பா ஓர் அரசுத் துறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். தன் துறையே தனக்குத் தர வேண்டிய ஊதிய நிலுவைக்காக நாலு வருடம் கடிதம் எழுதினார். பழைய தட்டச்சு இயந்திரம், கார்பன் தாள், மூன்று நகல். அனுப்புநர், பெறுநர், பொருள், அதற்குக் கீழே பார்வை. பார்வையில் முந்தைய கடிதங்களின் எண்ணும் தேதியும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். கடைசியில் 'நினைவூட்டல்–11' என்று போட்ட கடிதத்தில், பார்வை மட்டுமே அரைப் பக்கம் இருந்தது. நான் அப்போது கல்லூரியில். "இவ்வளவு மரியாதையா எழுதுறீங்களே, நல்லா நாலு வார்த்தை கேட்டு எழுதுங்கப்பா" என்றேன். அப்பா சொன்னார்: "கத்தினா அவன் காதைப் பொத்திக்குவான். பார்வையில தேதி போட்டா அவன் கோப்பை எடுத்தாகணும்." நிலுவை வந்தது. பதினொன்றாவது கடிதத்தாலா, அதிகாரி மாறியதாலா என்று அப்பாவுக்கும் தெரியாது.

ஐ.நா.வில் பஹாய்களுக்காக நடந்ததும் ஏறக்குறைய இதே வேலைதான். 1985இல் முதன்முறையாகப் பொதுச் சபைத் தீர்மானம் ஒன்று அவர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. அதற்குப் பிறகு ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் அதே பொருள், அதே பெறுநர். ஒரு தீர்மானத்தில் முந்தைய தீர்மானத்தின் எண் இருக்கும். படிப்பதற்கு உப்புச்சப்பில்லாத நடை. பஹாய்களுடைய சர்வதேச அமைப்பு 1970லிருந்தே ஐ.நா.வில் ஆலோசனைத் தகுதி பெற்றது. யாரை எந்தத் தேதியில் எந்த ஊரில் பிடித்தார்கள் என்று அவர்கள் எடுத்துக்கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். 1979 இஸ்லாமியப் புரட்சிக்குப் பிறகு 200க்கும் மேற்பட்ட பஹாய்கள் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலும் எண்பதுகளில். 1980 ஆகஸ்டில் அவர்களுடைய தேசிய நிர்வாகக் குழுவின் ஒன்பது பேரையும் ஒரே நாளில் கடத்தினார்கள், அவர்கள் திரும்பவேயில்லை. அடுத்து வந்த குழுவில் எட்டுப் பேரை 1981 டிசம்பரில் கொன்றார்கள். எண்பதுகளின் கடைசியில் இந்தக் கொலைகள் வெகுவாகக் குறைந்தன. ஒரு பஹாய் தூக்கிலிடப்பட்டது கடைசியாக 1998 ஜூலையில், மஷ்ஹத் நகரில். தூக்கு நின்றதற்கு ஐ.நா. தீர்மானங்கள் மட்டுமே காரணம் என்று சொன்னால் அது மிகை. ஆனால் ஒவ்வொரு பிணத்துக்கும் ஜெனிவாவில் ஒரு கணக்கு ஏறுகிறது என்று தெரிந்த அரசு, பிணம் விழாத வழியைத் தேடியது என்று நான் நினைக்கிறேன்.

அந்த வழி எழுத்திலேயே இருக்கிறது. 1991 பிப்ரவரி 25 தேதியிட்ட ஓர் அரசு ரகசியக் குறிப்பு. தலைப்பு 'பஹாய் பிரச்சினை'. உச்சப் புரட்சிப் பண்பாட்டு மன்றத்தின் செயலாளர் கையெழுத்திட்டது, அன்றைய உச்சத் தலைவர் காமனெயி ஒப்புதல் கொடுத்தது. ஐ.நா.வின் சிறப்புப் பிரதிநிதியாக இருந்த எல் சால்வடோர் நாட்டுச் சட்ட அறிஞர் ரெய்னால்டோ கலிந்தோ போல் 1993இல் அதை வெளியே கொண்டுவந்தார். அதைப் படித்தபோது எனக்கு அப்பாவின் துறைச் சுற்றறிக்கைகள் ஞாபகம் வந்தன. அவ்வளவு நிதானமான குறிப்பு. காரணமில்லாமல் அவர்களைக் கைது செய்யக் கூடாது என்கிறது. காரணமில்லாமல் நாட்டைவிட்டு அனுப்பக் கூடாது என்கிறது. ஓரளவுக்குப் பிழைத்துக்கொள்ள விடலாமாம். ஆனால் அவர்களுடைய முன்னேற்றமும் வளர்ச்சியும் தடைபடும்படி அரசு நடந்துகொள்ள வேண்டும். பஹாய் என்று சொல்லிக்கொண்டால் வேலை இல்லை. பஹாய் என்று தெரிந்தால், சேரும்போதோ படிக்கும்போதோ, பல்கலைக்கழகத்தை விட்டு நீக்கிவிட வேண்டும்.

கயிற்றை ஒதுக்கி வைத்துவிட்டுக் கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

இந்தப் படிப்பு விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பல ஆண்டுகளாகப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு விண்ணப்பத்தில் மதம் என்ன என்ற கேள்வி இருந்தது. பொய் சொன்னால் போதும், சீட்டு கிடைத்துவிடும். ஆனால் பஹாய்கள் மத விஷயத்தில் பொய் சொல்ல மாட்டார்கள், அது அவர்களுக்கு அடிப்படை. 2004இல் ஒரு சலுகை வந்தது: இனி மதத்தைக் கேட்க மாட்டோம். ஆயிரம் பேர் அளவில் ஆசையோடு தேர்வு எழுதினார்கள். முடிவுத் தாள் கையில் வந்தது. மதம் என்ற இடத்தில் 'இஸ்லாம்' என்று அச்சடித்திருந்தது. எந்த மதப் பாடத்தில் தேர்வு எழுதினாய் என்ற கேள்விக்கான பதிலை, மதத்துக்கான பதிலாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு சேர்ந்தால், நான் முஸ்லிம் என்று எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும். படிப்பு வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தார்கள்.

2006இல் உயர்கல்வி அமைச்சகத்திலிருந்து 81 பல்கலைக்கழகங்களுக்கு ரகசியக் கடிதம் போயிற்று, பஹாய் என்று தெரிந்தால் வெளியேற்று என்று. 2007இல் இன்னும் எளிமையான வழி கண்டுபிடித்தார்கள். தேர்வு எழுதிய பஹாய் மாணவர்கள் முடிவைப் பார்க்க இணையதளத்தில் எண்ணைத் தட்டினால் வரும் பதில்: "கோப்பு முழுமையடையவில்லை." அந்த ஆண்டு எழுதிய சுமார் ஆயிரம் பேரில் ஏறக்குறைய எண்ணூறு பேருக்கு இதே பதில். எந்தத் தாள் குறைகிறது என்று கேட்டால் சொல்ல மாட்டார்கள். ஏனென்றால் குறையும் தாள் எதுவும் இல்லை. அரசு அலுவலகத்தில் ஒருமுறையாவது வரிசையில் நின்ற எவனுக்கும் இந்த வாக்கியத்தின் கொடூரம் புரியும்.

இதற்கு அவர்கள் செய்த பதில்தான் எனக்குப் பெரிய ஆச்சரியம். 1987இல், தாமரைக் கோயில் பொதுமக்களுக்குத் திறந்த அதே ஆண்டு, ஈரானில் வீடுகளுக்குள்ளேயே ஒரு பல்கலைக்கழகம் ஆரம்பித்தார்கள். வேலையை விட்டு விரட்டப்பட்ட பேராசிரியர்கள், நகலெடுத்த பாடங்கள், தபால். யார் வீட்டுக் கூடமோ வகுப்பறை. 1998இல் சோதனை, கைது, கருவிகள் பறிமுதல். திரும்ப ஆரம்பித்தார்கள். 2011 மே மாதம் மறுபடி பல வீடுகளில் சோதனை. ஆசிரியர்கள் சிலருக்கு நாலைந்து ஆண்டு சிறை. திரும்பவும் ஆரம்பித்தார்கள். இந்த வகுப்புகளில் படித்துத் தேறியவர்களை அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, ஐரோப்பா என்று பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் மேற்படிப்புக்கு எடுத்துக்கொண்டிருக்கின்றன. என்னைக் கேட்டால், வெளிநாடுகள் செய்ததிலேயே உருப்படியான காரியம் இதுதான். அறிக்கை, கண்டனம் எதுவும் இல்லை. தெஹ்ரான் "கோப்பு முழுமையடையவில்லை" என்று சொன்ன மாணவனிடம், ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அலுவலர் "முழுமையாக இருக்கிறது" என்று சொல்கிறார்.

சரி, இந்தியா.

ஐ.நா. பொதுச் சபையில் ஈரானின் மனித உரிமை நிலை பற்றிய தீர்மானத்தை 2003 முதல் கனடா கொண்டுவருகிறது. பல ஆண்டுகளாக அதை எதிர்த்து வாக்களிக்கும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஜெனிவாவில் ஒதுங்கியாவது நின்றோம், நியூயார்க்கில் எதிர்த்தே கை தூக்குகிறோம். இதற்கு டெல்லி சொல்லும் காரணம்: ஒரு நாட்டைக் குறிவைத்துத் தீர்மானம் போடுவதால் பயனில்லை, பேச்சுவார்த்தைதான் வழி. இந்த வாதத்தை நான் முழுக்கக் கேலி செய்ய மாட்டேன், 1983க்குப் பிறகு செய்ய முடியாது. நன்றிக் கடனும் இருக்கிறது. 1994இல் காஷ்மீரை வைத்து ஜெனிவாவில் பாகிஸ்தான் கொண்டுவந்த தீர்மானம் விழுந்துபோனதில் ஈரானுக்குப் பங்கு உண்டு. உடம்பு சரியில்லாத வெளியுறவு அமைச்சர் தினேஷ் சிங்கை நரசிம்ம ராவ் தெஹ்ரானுக்கு அனுப்பியதை வெளியுறவுத் துறைக்காரர்கள் இன்னும் கதையாகச் சொல்வார்கள். அப்புறம் ஈரானில் இருக்கும் சாபஹார் துறைமுகம், அதன் வழியாக ஆப்கானிஸ்தானுக்குப் பாதை, 2019 வரை எண்ணெய். அடுத்த வீட்டுக்காரனுக்குப் புத்தி சொல்லப் போனால் நம் வீட்டு விவகாரத்தை அவன் எடுப்பான் என்ற பயம் வேறு. அதை வெளியே சொல்ல மாட்டார்கள்.

ஆனால் இந்தக் கொள்கை இரும்பால் செய்ததா என்று பார்த்தால், இல்லை. 2005இல் சர்வதேச அணுசக்தி முகமையில் ஈரானுக்கு எதிரான தீர்மானத்தை இந்தியா ஆதரித்தது. 2006இல் மறுபடி, 2009இல் மறுபடி. சாபஹார் அதனால் ஒன்றும் மூழ்கிவிடவில்லை. அதற்குப் பிறகுதான் அந்தத் துறைமுகத்துக்கு 2016இலும் 2024இலும் ஒப்பந்தங்களே போட்டார்கள். அதைவிட நமக்கு நெருக்கமான உதாரணம் இருக்கிறது. 2012லும் 2013லும் இலங்கை பற்றிய தீர்மானத்துக்கு ஆதரவாக ஜெனிவாவில் இந்தியா வாக்களித்தது. அதுவும் ஒரு நாட்டைக் குறிவைத்த தீர்மானம்தான். அப்போது கொள்கை எங்கே போயிருந்தது? தமிழ்நாடு கொதித்துக்கொண்டிருந்தது, கூட்டணிக் கட்சி மிரட்டிக்கொண்டிருந்தது, கொள்கை வளைந்து கொடுத்தது. அதிலும் 2014இல் ஒதுங்கிக்கொண்டார்கள், அது வேறு கதை. பஹாய்களுக்கு இந்தியாவில் அப்படி ஒரு கூட்டணிக் கட்சி இல்லை. கட்சி அரசியலில் இறங்குவதை அவர்கள் மதமே தடுக்கிறது. தாமரைக் கோயிலுக்கு வரும் லட்சக்கணக்கான பேரில் முக்கால்வாசிப் பேர், எங்களைப் போலச் செருப்பைக் கழற்றி, ஐந்து நிமிடம் உட்கார்ந்து, வெளியே வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போகிறவர்கள்தான். (கோயிலைக் கட்டியது எல் அண்ட் டியின், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கட்டுமானப் பிரிவு என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது.)

கனடா இன்னொரு கோடி. 2012 செப்டம்பரில் தெஹ்ரானில் தூதரகத்தை மூடிவிட்டு, ஈரானியத் தூதர்களையும் அனுப்பிவிட்டது. அதற்கு அவர்களுக்குக் காரணங்கள் இருந்தன. ஆனால் தெஹ்ரானில் ஒரு பஹாய் வழக்கு நடக்கும் நாளில் நீதிமன்ற வாசலில் போய் நிற்கவோ, அமைச்சகத்தில் ஒரு குறிப்பை நேரில் கொடுக்கவோ கனடாவுக்கு ஆள் கிடையாது. அவர்களிடம் குரல் இருக்கிறது, கதவு இல்லை. நம்மிடம் கதவு திறந்தே இருக்கிறது.

அந்தக் கதவு வழியாகப் போய்ப் பேசினால் கேட்க ஆள் இருக்கிறதா என்றால், ஈரான் என்பது ஒரே வாய் இல்லை. மூத்த மதகுரு மொந்தசேரி, ஒரு காலத்தில் கொமேனிக்கு அடுத்த வாரிசாக இருந்தவர், 2008இல் மதத் தீர்ப்பாகவே சொன்னார்: பஹாய்களும் இந்த மண்ணின் குடிமக்கள், குடியுரிமை அவர்களுக்கு உண்டு. 2009இல் ஈரானிய அறிவுஜீவிகளும் எழுத்தாளர்களும் 'நாங்கள் வெட்கப்படுகிறோம்' என்று பஹாய்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். எனக்குப் பிடித்த சம்பவம் 2016இல் நடந்தது. முன்னாள் அதிபர் ரஃப்சஞ்சானியின் மகள் ஃபாயிஸே ஹாஷமி அதற்குச் சில ஆண்டுகள் முன்பு தெஹ்ரானின் எவின் சிறையில் இருந்தபோது, ஃபரீபா கமாலாபாதி என்ற பஹாய்த் தலைவர் அதே சிறையில் கைதி. 2008இல் கைதான ஏழு தலைவர்களில் ஒருவர் ஃபரீபா. எட்டு வருடம் கழித்து முதன்முறையாகச் சில நாள் விடுப்பில் வீட்டுக்கு வந்தார். ஃபாயிஸே அவரைப் பார்க்க வீட்டுக்குப் போனார், படமும் வெளிவந்தது. நாடே கொதித்தது. பெற்ற அப்பாவே கண்டித்தார். நான் செய்தது தப்பில்லை என்று ஃபாயிஸே நின்றார். ஒரு வீட்டுக்குப் போய் உட்கார்ந்து வந்ததற்கு இவ்வளவு!

வெளியிலிருந்து பேசுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இவர்களைத்தான். பஹாய் பெயரைப் பொருளாதாரத் தடையோடும் குண்டு மிரட்டலோடும் ஒரே மூச்சில் உச்சரித்தால், ஃபாயிஸே போன்றவர்கள் நிற்கும் இடம் சுருங்கிவிடும். அதுவே எண்ணெய் வாங்கிய, துறைமுகம் கட்டிய, ஐ.நா.வில் கைகொடுத்த ஒரு நாடு, மூடிய அறையில், "அந்த முழுமையடையாத கோப்புகள் என்ன ஆயிற்று?" என்று கேட்டால், அதை அமெரிக்கச் சதி என்று சொல்வது கஷ்டம். ஒரு தடவை கேட்டால் போதாது. ஒவ்வொரு சந்திப்பிலும் கேட்க வேண்டும்.

இதெல்லாம் பலன் தருமா? யேமனில் ஹாமித் பின் ஹைதரா என்ற பஹாய் 2013 முதல் சிறையில் இருந்தார், பிறகு தலைநகரைப் பிடித்த ஹூத்தி கிளர்ச்சிப் படையின் கையில் சிக்கினார், 2018இல் மரண தண்டனை. ஐ.நா.வும் பல நாடுகளும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தன. 2020 ஜூலை 30ஆம் தேதி அவரையும் இன்னும் ஐந்து பேரையும் விடுவித்தார்கள். உயிர் பிழைத்தது. கூடவே நாடு போயிற்று, வெளியேற வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஃபரீபாவும் பத்தாண்டுச் சிறை முடிந்து வெளியே வந்தார். 2022 ஜூலை 31ஆம் தேதி அவரையும், சிறையில் கவிதை எழுதிய மஹ்வஷ் ஸாபெத்தையும் மறுபடி பிடித்தார்கள். மறுபடி பத்தாண்டு. நான் தாமரைக் கோயில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அவர்கள் இருவரும் உள்ளேதான் இருந்தார்கள்.

2023 பொங்கல் முடிந்து எங்கள் தொகுதி எம்.பி.க்கு ஒரு கடிதம் எழுதினேன். ஈரானோடு சண்டை போடச் சொல்லவில்லை. பொதுச் சபையில் எதிர்ப்பு ஓட்டுப் போடுவதை நிறுத்தி ஒதுங்கியாவது நிற்கலாமே என்றும், இரு நாட்டு வெளியுறவுப் பேச்சில் பல்கலைக்கழகச் சேர்க்கையை ஒரு பொருளாகச் சேர்க்கலாமே என்றும், புனேயிலும் ஹைதராபாத்திலும் ஏற்கெனவே ஈரானிய மாணவர்கள் படிக்கிறார்களே, வீட்டுப் பல்கலைக்கழகத்தில் படித்த பஹாய் பிள்ளைகளுக்கும் மேற்படிப்புக்கு வழி செய்யலாமே என்றும் கேட்டிருந்தேன். இரண்டரைப் பக்கம் வந்தது. அனுப்பும் முன் அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பென்சிலோடு உட்கார்ந்தார். 'கொடூரமான' என்பதை அடித்தார். 'மனிதாபிமானமற்ற' என்பதை அடித்தார். 'பல ஆண்டுகளாக' என்று நான் எழுதியிருந்த இடத்தில் ஓரமாக, "எந்தத் தேதி முதல்?" என்று எழுதினார். 'பார்வை' இல்லாமல் கடிதமா என்று திட்டினார்.

திருத்தி எழுதியபோது ஒரு பக்கமாகச் சுருங்கியது. பார்வையில் நான்கு வரி: 25.2.1991 தேதியிட்ட குறிப்பு, 2006ஆம் ஆண்டு ரகசியக் கடிதம், ஜெனிவா வாக்கெடுப்பு, பொதுச் சபைத் தீர்மானம். பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். ஒன்பதாம் நாள் அட்டை திரும்பி வந்தது, முத்திரையும் ஒரு கிறுக்கல் கையெழுத்தும். பதில் வரவில்லை.

மே மாதம் அப்பாவே ஞாபகப்படுத்தினார், "மூணு மாசம் தாண்டிடுச்சே, அடுத்ததைப் போடலியா?" அன்று ராத்திரியே உட்கார்ந்து போட்டேன். மேலே 'நினைவூட்டல்–1'. பார்வையில் என் முதல் கடிதம் ஐந்தாவது வரியாக ஏறியிருந்தது.